மக்கும் வேகம்

பந்தலுக்குக் கீழே இலை எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில்தான் மக்க வேண்டும். பந்தல் போட்டதே அதற்காகத்தான். ஆனால் திரையில் ஓர் இடம் மட்டும் சிவந்து கிடந்தது.

பேச்சியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மலைச்சரிவு முழுக்க ஒரே பச்சை. நடுவே ஒரு பாயை விரித்தாற்போல அந்தச் சிவப்பு.

"இது எப்பலேர்ந்து மேடம்?"

"கோடையில மண்ணுல ஊசிகளை நெருக்கமா நட்டதிலேர்ந்தே தெரியுது. ஊசிதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். மாத்தியும் பார்த்தாச்சு" என்றாள் நஸ்ரின். கோயம்புத்தூர்க்காரி. மண்ணைப் படித்தவள். இந்தச் சரிவுக்கு வந்ததிலிருந்து ஒழுங்காகத் தூங்கியவள் மாதிரி அவள் முகம் ஒருநாளும் இருந்ததில்லை. "அந்த இடத்துல மட்டும் இலை ரெண்டு மடங்கு வேகமா மக்குது, பேச்சியண்ணா. மேல பந்தல் ஒண்ணுதான். ஈரமும் ஒண்ணுதான். அப்படின்னா மண்ணுலதான் ஏதோ கூடுதலா இருக்கு."

"கூடுதலான்னா?"

அவள் தேநீர்க் குவளையை மேஜை மேல் வைத்து, அதன் காதைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

"மாமிசம் மண்ணுல கலந்தா அந்த எடத்துல புழுவும் பூஞ்சையும் பெருகும். இலை சீக்கிரம் போயிடும்."

பேச்சியப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

நெடும்பாறை எஸ்டேட் மூன்றாம் டிவிஷனில் ஒரு லைன் இருந்தது. எட்டு வீடு, ஒரே கூரை, ஒரே நீள வாசல். மழை மாதங்கள் தம் ஒழுங்கை மறந்துபோன காலத்தில், ஓர் இரவு பெய்த மழையில் மேலேயிருந்த மலை கழன்று அந்த லைன்மேல் இறங்கியது. ஆற்றில் கிடைத்தவர்கள் சிலர். கிடைக்காதவர்களே அதிகம். சில வாரம் தோண்டினார்கள். பிறகு தேடல் முடிந்ததாக ஓர் அதிகாரி ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போனார். பேச்சியப்பனின் மனைவி வள்ளிமயிலும் மகள் கனகுவும் கிடைக்கவில்லை. அவர் அன்று தேயிலை ஃபேக்டரியில் இரவு ஷிப்டில், உலர்த்தும் அடுப்பின் முன்னால் இருந்தார். அந்த அடுப்பின் இரைச்சலில் மலை விழுந்த சத்தம்கூட அவருக்குக் கேட்கவில்லை.

மலை போன இடத்தில் மண் இல்லை. தோல் உரிந்த முதுகு மாதிரி வெறும் பாறையும் சரளையும்தான் மிஞ்சின. உயிர் பிழைத்தவர்களுக்கு அதன் அடியிலேயே கீழ்க்காலனி கட்டிக் கொடுத்தார்கள். வேறு சமதரை கிடையாது. அடுத்த மழையில் அந்தச் சரளையும் இறங்கிவிடாமலிருக்க அதன்மேல் காடு வேண்டும். காட்டுக்கு மண் வேண்டும். தானாக மண் சேரட்டும் என்று விட்டால் சில தலைமுறைகள் ஆகும்.

அதனால்தான் ஆறு வருடமாக இந்தப் பந்தல். சரிவின் இரு பக்கப் பாறைகளிலும் இரும்புக் கயிறுகளை இழுத்துக் கட்டி, அவற்றில் உள்ளங்கை அகலத் தகடுகளை லட்சக்கணக்கில் தொங்கவிட்டிருந்தார்கள். வெயில் ஏறினால் தகடுகள் தாமாகப் படுத்து நிழல் தரும். மூட்டம் வந்தால் நிமிர்ந்து வழிவிடும். நூறு வருடத்துச் சோலைக்காடு தலைக்குமேல் இருந்தால் எப்படி இருக்குமோ, கீழே தரையில் அதே நிழலும் அதே ஈரமும். பக்கத்து மலைக் காடுகளிலிருந்து ஆளில்லா வண்டிகள் சருகு கொண்டுவந்து கொட்டின. காலனி ஆட்கள் அதைப் பரப்பினார்கள், கன்று நட்டார்கள். சரிவெங்கும் செருகிய ஊசிகள் இலை எவ்வளவு மக்கியது என்று திரைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தன. எல்லாவற்றுக்கும் காவல் பேச்சியப்பன். மனிதர் உள்ளே போக ஒரே ஒரு கேட். அதன் சாவி அவர் இடுப்பில்.

"இதை யாருக்கும் சொல்ல வேண்டாமே மேடம்" என்றார்.

"சொல்றதுக்கு நான் யாருண்ணா? சாவு விழுந்த நிலம். இந்த அளவுக்கு மேல சிவந்தா படம் தானாவே கலெக்டர் ஆபீஸுக்குப் போயிடும். நேத்தே போயிடுச்சு."

*

செய்தி காலனிக்கு வந்த அன்று ராக்கம்மா ஓடிவந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். மூச்சிரைக்க, காவல் கொட்டகைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, எம்புள்ள இருக்கானாம்ணே. மிஷினே சொல்லிருச்சாம். தோண்டப்போறாங்களாம்."

அவள் மகன் குணா. அவன் போனபோது கல்லூரியில் இரண்டாம் வருடம். விடுமுறைக்கு வந்திருந்தவன்.

பேச்சியப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். ஏழு வருடமாக இப்படி ஒரு வெளிச்சத்தை அங்கே அவர் பார்த்ததில்லை. தொண்டை வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டார். ஒவ்வொரு அமாவாசை மாலையும் அவளுக்குக் கேட்டைத் திறந்துவிட்டவர் அவர்தான். வெளிப்பொருள் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று பலகை எழுதிப் போட்டிருந்த கேட். ஒரு தூக்குவாளி பால், வாழையிலைப் பொட்டலத்தில் சோறு, வறுத்த நெத்திலி, இரண்டு அவித்த முட்டை. போய் ஓரிடத்தில் இறக்கிவிட்டுச் சற்று நேரம் நின்று வருவாள். ஓர் அமாவாசைகூடத் தவறியதில்லை. அந்த ஓரிடம் எதுவென்று அவருக்குத் தெரியும். திரையில் சிவந்திருந்ததும் அதே இடம்தான்.

"எப்பத் தோண்டுறாங்களாம்?" என்று மட்டும் கேட்டார்.

"மழைக்கு முந்தி. பந்தலக் கழட்டிட்டுத்தான் மிஷினு ஏற முடியுமாம்."

*

"பந்தலைக் கழட்டினா என்ன ஆகும்?" என்று மறுநாள் நஸ்ரினிடம் கேட்டார். பதில் அவருக்கு ஓரளவு தெரியும். இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

அவள் குனிந்து ஒரு பிடி சருகை அள்ளிப் பிளந்து காட்டினாள். மேலே காய்ந்த இலை. அதன் அடியில் நரம்பு மட்டும் மிஞ்சிய இலை. அதற்கும் அடியில் இலை என்றே சொல்ல முடியாத கறுப்பு ஈரம்.

"மரம் மண்ணுலேர்ந்து எடுத்ததையெல்லாம் இலையிலதான் வச்சிருக்கு. இலை மக்கினாத்தான் அது திரும்ப மண்ணுக்கு வரும், அடுத்த கன்னுக்குப் போகும். வெயில் நேரா விழுந்தா ஈரம் போயிடும். புழு ஆழத்துக்கு இறங்கிடும். இலை மக்காது, மொறுமொறுன்னு காஞ்சு காத்துல போயிடும். கன்னு வேர் இன்னும் பாறையைப் பிடிக்கலை. அந்த நேரத்துல மிஷின் வேற ஏறினா..." பிடியைத் திறந்து சருகை உதறினாள். "கீழ காலனி இருக்கு. நான் எழுதியே கொடுத்துட்டேன். சாவுக்கு முன்னாடி மண்ணெல்லாம் ஒரு விஷயமான்னு கேக்குறாங்க."

"மேடம், அது ஆள் இல்ல. பால்."

அவளுக்குப் புரியவில்லை. பேச்சியப்பன் சொன்னார். நீட்டி முழக்காமல், கேட், தூக்குவாளி, நெத்திலி என்று வரிசையாகச் சொல்லி முடித்தார். நஸ்ரின் கேட்டு முடித்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லாத மாதிரி இருந்தது.

"ஆறு வருஷக் கணக்குண்ணா. என் கணக்கு மொத்தமும்."

"தெரியும்."

"என்னாலயே கண்டுபிடிக்க முடிஞ்சிருக்கணும். ஊசி ஒரு கை ஆழம்தான். மேலேர்ந்து வந்துதா கீழேர்ந்து வந்துதான்னு அதுக்குத் தெரியாது. எனக்காச்சும் தோணியிருக்கணும்." கையில் ஒட்டியிருந்த சருகுத் தூளைத் தட்டிவிட்டாள். "இதை நான் போய்ச் சொன்னா யாரு நம்புவா? பந்தலைக் காப்பாத்திக்கக் கதை கட்டுறேன்னுதான் சொல்லுவாங்க. நீங்க சொன்னாலும் அதேதான், நீங்க எங்க சம்பளக்காரர். தேதி சொல்லக் காலனியில கூட்டம் போடப்போறாங்க. அங்க அந்தம்மாதான் சொல்லணும்."

"அவகிட்ட அதை யாரு சொல்றது?"

நஸ்ரின் அவரையே பார்த்தாள்.

*

ராக்கம்மா வீட்டில் குணாவின் சட்டைகளை வெயிலில் உலர்த்தியிருந்தாள். உடல் கிடைத்தால் போட வேண்டுமே என்று பெட்டியிலிருந்து எடுத்திருந்தாள். பேச்சியப்பன் அந்தக் கொடிக்கு இந்தப் பக்கமே நின்றார்.

"உள்ள வாங்கண்ணே."

"இல்ல, இங்கயே சொல்லிடறேன். ராக்கம்மா, அந்தச் சிவப்பு..."

"பாலுதான?"

அவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"படத்தைக் காமிச்சாங்கள்ல, அன்னிக்கே தெரியும்" என்றாள் ராக்கம்மா, ஒரு சட்டையின் காலரை விரலால் நீவிக்கொண்டே. "மொட்டப்பாறைக்கு இடதுகைப் பக்கம் ஃபேக்டரிப் புகைக்கூண்டு தெரியுற எடம். அப்ப லைன்ல என் வாசல்ல நின்னு பாத்தா அப்படித்தான் தெரியும். அங்கதான ஊத்துறேன். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் அன்னிக்கு ஓடிவந்து..."

"ஏழு வருசமா இல்ல இல்லன்னே சொன்னாங்கண்ணே. ஒலிபெருக்கி வச்சுச் சொன்னாங்க. ஒரு மிஷினாவது இருக்கான்னு சொல்லிச்சு. அதுக்குப் போயி நான், இல்ல சாமி, அது நெத்திலின்னு சொல்லணுமா?"

பேச்சியப்பனுக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டார்.

"மேல தோண்டினா சரிவு கீழ வரும்."

"வரட்டுமே."

"கீழ சடையாண்டி பேரப்புள்ளைக படுத்திருக்கும். ஜெபக்கனி படுத்திருப்பா. நீயும்தான்."

"நான் படுத்துத் தூங்கி ஏழு வருசமாச்சு" என்றாள். பிறகு சட்டையைக் கொடியிலிருந்து உருவி மடித்தாள். இன்னொன்றையும் உருவினாள். கடைசிச் சட்டை ஈரமாகவே இருந்தது. அதையும் மடித்தாள். "எப்பக் கூட்டம்?"

*

கூட்டம் காலனி ரேஷன் கடை முன்னால் நடந்தது. கலெக்டர் ஆபீஸிலிருந்து ஓர் இளைஞன் வந்திருந்தான். தோண்டும் தேதியைச் சொல்லத்தான் வந்தான். அவன் பேசுவதற்கு முன்பே ராக்கம்மா எழுந்தாள்.

"அங்க யாரும் இல்ல" என்றாள். "அது நான் ஊத்துன பாலு."

அவள் சொல்லி முடிக்கும்வரை பேச்சியப்பன் தலை நிமிரவில்லை. இனி என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். நாடகம் ஆடினாள் என்பார்கள். சர்க்காரிடம் விலை போனாள் என்பார்கள்.

முதலில் வாயைத் திறந்தவர் சடையாண்டி. மகனையும் மருமகளையும் பறிகொடுத்துப் பேரப்பிள்ளைகளை வளர்ப்பவர்.

"ஆறு வருசமாவா?"

"ஆமா மாமா."

"ஒவ்வொரு அமாவாசையுமா?"

"ஆமா."

சடையாண்டி அவளை நோக்கி ஓரடி வைத்தார். "அடிப்பாவி! உம்மவனுக்கு மட்டும் சோறு போட்டுட்டு வந்து எங்களோட பேசாம உக்காந்திருந்தியே! என் புள்ள பசியோட கெடக்கானேன்னு ஒரு வார்த்தை தோணுச்சா உனக்கு?"

பேச்சியப்பன் நிமிர்ந்தார். அவர் எதிர்பார்த்த கோபம் இதுவல்ல.

"அவளைச் சொல்லி என்ன மாமா" என்று ஜெபக்கனி எழுந்தாள். அக்காளைப் பறிகொடுத்தவள். "கேட்டுச் சாவி யார்கிட்ட இருந்துச்சு? ஏண்ணே, ராக்கம்மாக்கு மட்டும் தொறந்துவிட்டீங்க. நாங்கல்லாம் யாரு, அந்தப் பலகையைப் படிக்கத் தெரிஞ்சதால ஏமாந்தவங்களா?"

"நீங்க கேக்கலையேம்மா" என்றார் பேச்சியப்பன்.

"கேட்டா விடுவீங்கன்னு யாருக்குத் தெரியும்? எழுதி வேற வச்சிருக்கீங்க, அம்மாம் பெரிய எழுத்துல!"

"நீ எதுக்கு ஜெபக்கனி பால் ஊத்தப்போற? உங்க வேதத்துலதான் அது கெடையாதே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"வேதத்துல கெடையாது. எங்க அக்கா சாப்பாட்டு விசயத்துல வேதம் பாக்க மாட்டா."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறிச் சுற்றி வந்தது. கலெக்டர் ஆபீஸ் இளைஞன் தாளை மடக்கிப் பையில் வைத்தான், மறுபடி எடுத்தான்.

"அப்ப... தோண்ட வேண்டாமா?"

"அங்க இல்லங்கிறாளே, எங்கய்யா தோண்டுவே?" என்றார் சடையாண்டி. "எங்களையும் உள்ள விடச்சொல்லு. அது போதும். வீடு எங்க இருந்துச்சோ அங்க நின்னு கூப்பிட்டுச் சோறு வைக்கணும்."

"ஆனா வீடுங்க சரிஞ்சு எங்கயோ போயிருக்கும். ஆளுங்களும் அந்த இடத்துல இருக்க மாட்டாங்க" என்று நஸ்ரின் மெதுவாகச் சொன்னாள். சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும்.

"தெரியும் தாயி" என்றாள் ராக்கம்மா. "சாப்பிட வீட்டுக்குத்தான வருவாங்க?"

எல்லோரும் நஸ்ரினைப் பார்த்தார்கள். அவள் சரிவைப் பார்த்தாள். பந்தலின் தகடுகள் மாலை மூட்டத்துக்கு ஒவ்வொன்றாக நிமிரத் தொடங்கியிருந்தன.

"பந்தல் இருக்கணும். கன்னை மிதிக்கக் கூடாது. பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "உப்பு கம்மியா" என்றும் சேர்த்தாள்.

அன்றிரவு அவள் எழுதிய அறிக்கையில் அந்த இடத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. மேற்பரப்பிலிருந்து உணவு கலந்ததால் வேகம் கூடியது; உடல் எச்சம் இல்லை. எந்த உணவு, யார் கலந்தது என்று யாரும் கேட்கவில்லை.

*

மழை வந்தது. சரிவு நின்றது. மழைக்குப் பிறகும் நின்றது. மேற்கோரத்தில் கன்றுகள் கயிற்றைத் தொடும் அளவுக்கு வளர்ந்ததால், அங்கே சில தகடுகளைக் கழற்றிவிட்டு நிஜ இலைகளிடம் நிழலை ஒப்படைத்தார்கள். இறந்தவர்கள் இறந்தபடியே இருந்தார்கள். அமாவாசை தோறும் பேச்சியப்பன் கேட்டைத் திறந்துவைத்து ஓரமாக நிற்பார். எல்லோரும் தூக்குவாளிகளோடு ஏறுவார்கள், இறங்குவார்கள். "நீங்க வரலையா?" என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. சாவிக்காரர் கேட்டில்தானே நிற்க வேண்டும்.

அடுத்த கோடை தொடங்கும்போது நஸ்ரின் அவரைக் கூப்பிட்டாள்.

"இதைப் பாருங்கண்ணா. என் கணக்கு இப்ப முழுசா நாசம்" என்றாள். குரலில் கோபம் இல்லை.

திரையில் பச்சைக்கு நடுவே சிவப்புப் பொட்டுகள். கொஞ்சம் கோணலாக, ஆனால் ஒரே வரிசையில். அவரவர் தம் பழைய வாசலிலிருந்து பார்த்த பாறையையும் புகைக்கூண்டையும் வைத்துக் கண்டுபிடித்த இடங்கள்.

பேச்சியப்பன் கண்ணாடியைக் கழற்றவில்லை. விரலைத் திரையருகே கொண்டுபோனார்.

"இது சடையாண்டி மாமா வீடு. இது ஜெபக்கனியோட அக்கா வீடு. இது..." விரல் நகர்ந்துகொண்டே போனது. "மேடம், இது எங்க லைன்."

நஸ்ரின் எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள். மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு லைன் எழுந்து வந்து திரையில் வரிசையாக நிற்பதை இருவரும் பார்த்தார்கள்.

"எட்டு வீடுன்னு சொன்னீங்க. ஏழுதான் இருக்கு" என்றாள். "இங்க, ராக்கம்மா வீட்டுக்கு அடுத்தாப்புல, ஒண்ணு மட்டும் பச்சையா..."

பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அத்துடன் நிறுத்திக்கொண்டாள்.

இருட்டில் வேலைக்குப் போய், விடிந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர் பேச்சியப்பன். வாசலில் உட்கார்ந்து எதிரே என்ன தெரிகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அதனால்தான் மற்றவர்களைப் போல அவரால் இடம் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படித்தான் இத்தனை நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது இடம் கிடைத்துவிட்டது. இரண்டு சிவப்புக்கு நடுவே, யாரும் எதுவும் வைக்காததால் காட்டின் சாதாரண வேகத்தில் மக்கிக்கொண்டிருந்தது அவருடைய வீடு.

அவர் நேராக ராக்கம்மா வீட்டுக்குப் போனார். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ராக்கம்மா, வள்ளிமயிலுக்கு என்ன பிடிக்கும்?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "என்ன கேள்விண்ணே இது? ஒங்க பொண்டாட்டி."

"கனகுக்கு என்னன்னு எனக்குத் தெரியும், ஜிலேபி. வள்ளிக்கு என்னன்னு தெரியல. எனக்குப் போட்டுட்டு, நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்னு சொல்லுவா. அவ என்ன சாப்பிட்டான்னு நான் பார்த்ததில்ல."

ராக்கம்மா அரிசியில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"பலாக்கொட்டை" என்றாள். "அடுப்புச் சாம்பல்ல சுட்டது. மடி நிறைய வச்சுக்கிட்டு கொழுந்து பறிக்க வருவா. ஒருத்தருக்கும் தரமாட்டா, அம்புட்டுக் கஞ்சத்தனம்."

"அப்படியா?" என்றார் பேச்சியப்பன். அவருக்கு அது புதிய செய்தி. வள்ளிமயிலைப் பற்றி இனிப் புதிதாக ஒன்று தெரியவரும் என்று அவர் நினைத்ததே இல்லை. "கஞ்சத்தனமாவா?"

"ஆமா. கேட்டா, போடி ஓடுன்னுவா. பழம் இப்பத்தான் வர ஆரம்பிச்சிருக்கு. கடையில சொல்லிவைக்கிறேன். ஆனா நல்லாச் சுட்டுத்தான் வைக்கணும்ணே. பச்சையாப் போட்டா மொளச்சிரும். அப்புறம் அந்த மேடம் ஏசும்."

பேச்சியப்பன் மேலே சரிவைப் பார்த்தார்.

"ஏசட்டும்" என்றார்.